படம் பார்க்காமல் நான் எழுதிய கருத்துகள்

எங்கள் மாப்பிள்ளை ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஷிஃப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் பெண்டு பிள்ளைகளோடு சினிமாவுக்குக் கிளம்புவார். கிளம்புவதற்கு முன் அரைமணி நேரம் போனைத் தடவிக்கொண்டிருப்பார். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அதில் படத்துக்கு நட்சத்திரம் போட்டிருக்கிறார்களாம்.

"ராக்கெட் படம் மாமா. ஃபைட்டு சும்மா மெரட்டுதாம். ஆனா செகண்ட் ஹாஃப் இழுவையாம்" என்றார் போன வாரம்.

"இந்த வேலையை நான் பதினெட்டு வருஷம் சம்பளத்துக்குச் செய்தவன், மாப்பிள்ளை" என்றேன்.

"நீங்களா? டிவில படம் போட்டாலே எழுந்து பூஜை ரூமுக்குப் போயிடுவீங்களே!"

"படம் பார்க்க மாட்டேன் என்பதால்தான் எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பேரப்பிள்ளைகளும் ஓடி வந்துவிட்டார்கள். எழுதி வையுங்கள் மாமா என்றார். நான் எட்டாம் வகுப்பு. எழுத்தில் குறை இருக்கும். ஆனால் வல்லக்கோட்டை முருகன் அறிய, சொல்வதில் பொய் இருக்காது.

சென்னையில் ஒரு பட விநியோகக் கம்பெனியில் பெட்டி தூக்கச் சேர்ந்தேன். படப்பெட்டியை பஸ்ஸில் ஏற்றி, டெண்டுக் கொட்டாயில் இறக்கி, மறுபடி ஏற்றி, எட்டு வருஷம் போனது. தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியதுதான் மிச்சம். ஒருநாள் மேனேஜர் வரதராஜுலு கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. நின்றுகொண்டேதான் காகிதம் படிப்பார். ஒரு கையில் பொடி டப்பா, இன்னொரு கையில் நீலப் பென்சில்.

"ஏம்பா சம்பந்தம், நீ சினிமா பார்ப்பியா?"

"இல்ல சார். கிருத்திகை, வெள்ளிக்கிழமை விரதம். மத்த நாள்ல வூட்டு வேலை."

"பெட்டி தூக்கற எல்லாப் பயலும் ஓசியில பாக்கறான். நீ பாக்கலையா?"

"எனக்கு அதுல மனசு போகல சார்."

பொடி டப்பாவை மூடினார். "அப்ப உனக்குத்தான் இந்த வேலை."

வேலை இதுதான். ஸ்ரீபெரும்புதூர், பென்னலூர், ஒரகடம், சேரப்பணஞ்சேரி, படப்பை வட்டாரத்தில் எங்கள் கம்பெனி படம் ஓடும் கொட்டாய் வாசலில் நிற்க வேண்டும். படம் விட்டு வரும் ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, மறுநாள் காலைத் தபாலில் கார்டு போட வேண்டும். அதை வைத்துத்தான் அந்தப் படத்தை மற்ற கொட்டாய்களுக்கு அனுப்புவதா, பெட்டியைக் கட்டுவதா என்று மேனேஜர் முடிவு செய்வார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சண்டைப் படம், வானத்தில் கப்பல் ஓட்டும் படம் எல்லாம் தமிழ் பேசிக்கொண்டு வரத் தொடங்கியிருந்தன. பட்டணத்தில் ஓடியது பட்டிக்காட்டில் ஓடுமா என்பது யாருக்கும் பிடிபடவில்லை.

"யாரையும் கேக்காதே. கேட்டா மரியாதைக்கு நல்லா இருக்குன்னுடுவான். தானா சொல்றத கேளு. பொம்பளைங்க வெளிய வர்ற பக்கமா நில்லு. டீக்கடைக்குப் போயிட்டாங்கன்னா விட்டுடு, அங்க ஒருத்தன் பேச்ச இன்னொருத்தன் பேசுவான். அப்புறம், நீ படம் பாக்கவே கூடாது. பாத்தவன் காது கெட்டுடும். தனக்குப் புடிச்சத எவன் சொல்றானோ அதுதான் விழும்."

நான் போட்ட முதல் கார்டு, 'மேற்படி படம் நன்றாக இருப்பதாக மக்கள் கருதுகிறார்கள்.' அது திரும்பி வந்தது. நீலப் பென்சிலால் அடித்து, கீழே எழுதியிருந்தார்: 'எந்த மக்கள்? அவர்கள் வாயில் வந்தது எங்கே?'

இன்னொரு தடவை, கண்ணாடிக் குடுவையில் மனுஷனை உண்டாக்கும் படம் ஒன்று வந்தது. டீக்கடையில் கதையைக் கேட்டே எனக்கு மனசு பொறுக்கவில்லை. படைப்பது பிரம்மா வேலை, மனிதன் கை வைக்கலாமா என்று கார்டு முழுக்க எழுதிவிட்டேன். அதுவும் திரும்பி வந்தது. 'பிரம்மா டிக்கெட் வாங்கினாரா?' என்று கேட்டிருந்தார். வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகு என் கருத்தை எழுதியதே இல்லை.

படம் ஓடும் நேரத்தில் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து ஜபம் செய்வேன். உள்ளே டுமீல் டுமீல், வெளியே நான் சரவணபவ. மணி அடித்ததும் எழுந்து, பெண்கள் வெளியே வரும் வேலியோரம் குந்தி, செருப்பு வார் அறுந்துவிட்டது போலத் தைக்கிற பாவனையில் இருப்பேன். இப்படிப் பல வருஷம் ஒரே செருப்பைத் தைத்தேன். "இந்தாளு செருப்பு என்னிக்குதான் சரியாவுமோ" என்று பென்னலூரில் ஒரு அம்மாள் பரிதாபப்பட்டு, தன் புருஷனுடைய பழைய ஜோடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அதையும் தைத்தேன்.

ஜனங்கள் சொன்னவை பல இன்னும் மறக்கவில்லை. ஒரே துப்பாக்கியால் முப்பது பேரைச் சுட்ட வீரனைப் பற்றி ஒரு உழவர், "சுட்டான் சரி, தோட்டாவ எப்பபா போட்டான்?" என்று கேட்டுக்கொண்டே போனார். மலையில் இருந்து குதித்துச் சண்டை போட்ட இன்னொருவனைப் பற்றி ஒரு பெண், "சட்டை கசங்கவே இல்லக்கா. எவ தோச்சிப் போட்டாளோ, புண்ணியவதி" என்றாள். செவ்வாய் கிரகத்தில் இறங்கிய படத்துக்கு ஏரிப் பாசனக்காரர் ஒருவரின் தீர்ப்பு: "மழையில்ல, தண்ணியில்ல. அந்த ஊருக்கு எதுக்கு இம்மாந்தூரம் செலவு பண்ணிகினு போறானுங்க?" வரிக்கு வரி எழுதி அனுப்புவேன். செவ்வாய்ப் படம் எங்கள் பக்கம் அதற்குமேல் வரவில்லை.

எல்லாரிலும் சரியாகச் சொல்கிறவள் ஒரகடத்துக் கன்னியம்மா. கல் குவாரியில் ஜல்லி உடைப்பவள், புருஷன் இல்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். ராக்கெட் கிளம்பியதும் வெடித்த படம் ஒன்றுக்கு, "ஒரு எலுமிச்சம்பழம் வெக்கல, ஒரு கற்பூரம் காட்டல. வெடிக்காம இன்னா பண்ணும்?" என்றாள். அந்தக் கார்டைப் படித்து மேனேஜர் முதல்முறையாகச் சிரித்தார் என்று ஆபீஸ் பியூன் சொன்னான்.

இப்போது எனக்குத் தலைவலி கொடுத்த படத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம்.

வானத்தில் இருந்து ஒரு கரும்பந்து பூமியை விழுங்க வருகிறது. வானக்கப்பல் ஓட்டும் ஒருவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவன் போய் அந்தப் பந்தில் மோதி, தானும் செத்து, பூமியைக் காப்பாற்றுகிறான். பதினாலு ரீல். பட்டணத்தில் மூன்றே நாளில் தூக்கிவிட்டார்கள். எங்கள் வட்டாரத்துக்கு ஒரே ஒரு பிரதிதான் வந்தது. அதை ஒரகடம் கொட்டாயும் சேரப்பணஞ்சேரி கொட்டாயும் பகிர்ந்து ஓட்டின. சேரப்பணஞ்சேரியில் முக்கால் மணி முன்னாடி ஆரம்பிப்பார்கள். அங்கே ஓடி முடிந்த ரீலை இரண்டிரண்டாகச் சாக்கில் கட்டி, ஏழுமலை சைக்கிளில் ஒரகடத்துக்குக் கொண்டுவருவான். ஏழுமலை யார் என்றால், ஒரகடம் கொட்டாய் ஆபரேட்டர் கோதண்டத்தின் மச்சான்.

முதல்நாள் ஒரகடத்தில் கேட்டேன். "நல்ல தூக்கம்" என்றார் ஒருவர். "சண்டையே கடைசிலதான் வருதுடா, அதுவரைக்கும் பொண்டாட்டிகிட்ட கொஞ்சிகினு கீறான்" என்றார் இன்னொருவர். கன்னியம்மா ஒன்றும் சொல்லாமலே கொட்டாவி விட்டுக்கொண்டு போனாள். அதையும் எழுதினேன். மறுநாள் சேரப்பணஞ்சேரி. அங்கேயும் அதே கொட்டாவி.

மூன்றாம் நாள் ஒரகடத்துக்குத் திரும்பினால், படம் விட்டு வருகிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள்! ஆண்கள் விசில் அடிக்கிறார்கள்.

"செத்தவன் எழுந்து வந்தான் பாரு, அதான்டா சயின்ஸு!"

"சாவப்போறான்னு தெரியாம சிரிச்சிகினு கீறானே, பாவி" என்று கன்னியம்மா விக்கி விக்கி அழுதாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொன்னதை எழுதுவதுதானே என் வேலை? எழுதினேன். அதற்கடுத்த நாள் சேரப்பணஞ்சேரியில் மறுபடி கொட்டாவி. அதையும் எழுதினேன். ஒரகடத்திலோ வாரத்துக்கு இரண்டு படம் மாற்றுகிற கொட்டாயில் இது பத்து நாளைத் தாண்டியது. வல்லத்தில் இருந்தும் மாத்தூரில் இருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆபீஸுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. மேனேஜர் மேஜையில் என் கார்டுகளை இரண்டு வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்.

"ஒரே பெட்டி. நடுவுல ஒரு சைக்கிள். சேரப்பணஞ்சேரிக்காரன் தூங்கறான், ஒரகடத்துக்காரன் அழறான். இதுல எந்தக் கார்டு பொய்?"

"ரெண்டும் காதால கேட்டது சார்."

"ஒரகடம் கொட்டாய்க்காரர் வீட்டுல விருந்து கிருந்து சாப்பிட்டியா?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை. நெற்றி விபூதியைத் தொட்டு, "முருகன் மேல ஆணையா இல்ல சார்" என்றேன்.

"உன் கார்ட நம்பி இந்தப் படத்த இருபது கொட்டாய்க்கு அனுப்பலாம்னு மொதலாளிகிட்ட சொல்ல இருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குக் காரணம் வேணும்."

காரணம் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி படம் பார்ப்பது. முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு முதலில் சேரப்பணஞ்சேரியில் மணலில் உட்கார்ந்தேன். ஒரு முத்தக் காட்சியில் கண்ணை மூடிக்கொண்டேன். அவர்கள் புருஷன் பெண்டாட்டிதான் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்ன பிறகு திறந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது. மொத்தத்தில் படம் எனக்கும் தூக்கம்தான். மறுநாள் ஒரகடத்தில் உட்கார்ந்தேன்.

நாலாவது ரீல் முடிந்தது. அவனைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. அடுத்து ஐந்தாவது ரீலில் அவன் வீட்டுக்குப் போய்க் காப்பி குடிக்க வேண்டும். ஆனால் திரையில் அவன் கப்பலை ஓட்டிக்கொண்டு போய்க் கரும்பந்தில் மோதினான். செத்தான். கொட்டாயே உச்சுக் கொட்டியது. அதன் பிறகுதான் ஐந்தாவது ரீல் வந்தது. பெண்டாட்டி காப்பி ஊற்றுகிறாள், இவன் குடிக்கிறான், குழந்தையை முதுகில் ஏற்றிக்கொள்கிறான். முந்தின நாள் நான் தூங்கிய அதே காட்சிதான். இப்போது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடைசியில் பன்னிரண்டாம் ரீலில் கப்பல் ஏணியில் ஏறி, திரும்பிப் பார்த்துக் கை ஆட்டுகிறான். ஜனங்கள் எழுந்து நின்று அவனுக்குக் கை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

நேரே ஆபரேட்டர் அறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததுமே கோதண்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நான் இன்னா கொலையா பண்ணேண்ணா? ரெண்டாம் நாளு ஏழுமல சைக்கிளு ஏரிக்கரைல பஞ்சரு. அஞ்சாவது ரீலு வரல. ஜனங்க மண்ண வாரி அடிக்கிறாங்க. மொத நாளு ஓட்டுன கடைசி ரெண்டு ரீல அந்தக் கபோதி திருப்பி எடுத்துகினு போவ மறந்துட்டான், இங்கியே இருந்துச்சு. கைல இருந்தத போட்டேன். முடிவுன்னு எழுத்து வர்றப்போ லைட்ட கையால மூடிகினேன்."

"சரி, அது ஒரு நாள். மத்த நாள்?"

"மறுநா ஒழுங்காத்தாணா ஓட்டப் போனேன். வாசல்ல டிக்கெட் வாங்கறவன் கேக்கறான், 'நேத்து மாரியே செத்துட்டுதான வருவான்?'ன்னு. நான் இன்னா பண்ண? அன்னிலருந்து அந்த ரெண்டு ரீல மட்டும் ராத்திரில இங்கியே வெச்சிகினு, நாலாவது ரீலுக்கப்புறம் ஓட்டிட்டு, சேரப்பணஞ்சேரில முடிவு வர்றதுக்குள்ள ஏழுமலய பறக்க வுடறேன்."

"மேனேஜர் என்னைத் திருடன் மாதிரி பார்க்கிறார் கோதண்டம். நான் சொல்லித்தான் ஆகணும்."

அவன் முகம் வெளுத்தது. "சென்சார் சர்டிபிகேட்ல இருக்கற வரிசைய மாத்தி ஓட்டுனேன்னு தெரிஞ்சா லைசென்ஸ புடுங்கிடுவாங்கணா. இந்த மிஷின வுட்டா எனக்கு இன்னா தெரியும்? ஒரு ஏரு பூட்டக்கூடத் தெரியாது. ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீது."

மறுநாள் கிருத்திகை. வல்லக்கோட்டைக்கு நடந்தேன். சொன்னால் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். சொல்லாவிட்டால் இருபது கொட்டாயில் ஜனங்கள் தூங்குவார்கள், என் கார்டை அதன்பின் யாரும் நம்ப மாட்டார்கள், எல்லாவற்றுக்கும் மேல் அது பொய். ஒரு உத்தரவு கொடு அப்பனே என்று சந்நிதியில் நின்றேன். பூ விழவில்லை. பின்னாலிருந்து ஒருவர் என் காலை மிதித்து, "நவுறுபா, எத்தன நேரம் நிப்ப" என்றார். அதை உத்தரவு என்று எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

இருந்தாலும் நகர்ந்தேன். நகர்ந்தவன் பஸ் ஏறி ஆபீஸுக்கே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவன் வயித்துல அடிச்சிடாதீங்க சார்" என்று கையைக் கூப்பினேன். மேனேஜர் பென்சிலை மேஜையில் வைத்தார்.

"சாயங்காலம் நானே வர்றேன்" என்றார்.

குடையும் கையுமாக வந்து இறங்கினார். பெஞ்சு வேண்டாம் என்று மணலில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். பக்கத்தில் நான். திரும்பிப் பார்த்தால், வெளிச்சம் வருகிற ஓட்டைக்குப் பக்கத்து ஓட்டையில் கோதண்டத்தின் ஒரு கண் தெரிந்தது. எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டது.

நாலாவது ரீல் முடிந்தது. "இப்பதான்டா, இப்பதான்" என்று ஏற்கெனவே பார்த்தவர்கள் பார்க்காதவர்களை உசுப்பினார்கள். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

திரையில் பெண்டாட்டி காப்பி ஊற்றினாள். பயந்துபோய், கோதண்டம் சரியான ரீலைப் போட்டுவிட்டான்.

கூச்சல் பிடித்துக்கொண்டது.

"யோவ் ஆபரேட்டரு! இன்னும் சாவவே இல்ல, அதுக்குள்ள இன்னாய்யா காப்பி?"

"சாவப் போடுய்யா மொதல்ல!"

"மாத்தூர்லருந்து மாமியார கூட்டிகினு வந்திருக்கேன்யா, மானத்த வாங்காத!"

மண் பறந்தது. கோதண்டம் மிஷினை நிறுத்தி விளக்கைப் போட்டான். மேனேஜர் எழுந்து குடையை ஊன்றிக்கொண்டு ஆபரேட்டர் அறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கோதண்டம் மூலையில் நின்றிருந்தான். அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

"சொல்லிட்டியாண்ணா?"

"சொல்லிட்டேன் கோதண்டம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒழுங்கா ஓட்டறேன் சார், இனிமே..." என்று மேனேஜர் காலில் விழப் போனான். அதற்குள் வாசலில் பெண்கள் கூட்டம் வந்துவிட்டது. முன்னால் கன்னியம்மா.

"யாருங்க நீங்க? அவர இன்னாத்துக்கு மெரட்டறீங்க?"

"இவன் படத்தத் தப்பா ஓட்டியிருக்கான்மா" என்றார் மேனேஜர். "சாவு கடைசியில வரணும். எடுத்தவங்க அப்படித்தான் எடுத்திருக்காங்க."

"கடைசில சாவுறதுதான் எல்லா வூட்லயும் நடக்குதே. அத இங்க வந்து வேற பாக்கணுமா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "எங்கூட்டுக்காரு குவாரில வெடி வெக்கப் போன அன்னிக்கு, கொழம்புல உப்பில்லன்னாரு. நான் வாய்க்கு வந்தத பேசி அனுப்பிச்சேன். திரும்பி வரல. தெரிஞ்சிருந்தா தெருமுனை மட்டும் கூடப் போயிருப்பேன். இதுல அந்தம்மா காப்பி ஊத்தறப்போ அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அத பாக்கத்தான் சார் நான் வரேன். நாலு வாட்டி பாத்துட்டேன்."

கொட்டாய்க்குள் இன்னும் விசில் சத்தம். மேனேஜர் பொடி டப்பாவைத் திறந்தார், எடுக்காமலே மூடினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். நான் வாய்க்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பதிமூணாவது ரீல் எங்கப்பா?" என்றார்.

கோதண்டம் மூலையில் கிடந்த சாக்கைத் தூக்கினான். அடியில் இரண்டு ரீலும் இருந்தன.

"இன்னிக்கு ஒரு நாள்தான். நாளையிலேருந்து சர்டிபிகேட்டுல இருக்கிறபடி ஓட்டணும். லைசென்ஸ கெடுத்துக்காதே, புள்ளைகுட்டிக்காரன்."

கோதண்டம் நம்பாமல் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். ரீலை மாட்டினான். பாதியில் நிறுத்தித் தயங்கிக் கேட்டான்.

"பதினாலு முடிஞ்சதும், சார்?"

"வேற என்ன?" என்றார் மேனேஜர். "அவன வீட்டுக்கு அனுப்புப்பா. அந்தம்மா காப்பி ஊத்தி வெச்சிருக்கா."